பரணில் இருந்து இறங்கிய படை: நீண்ட இடைவெளிக்குப் பின் மினியேச்சர் வீரர்களுக்கு மீண்டும் வண்ணம் தீட்டுவது எப்படி

2010-ல் வங்கி என்னைத் தூத்துக்குடிக்கு மாற்றியபோது, ஜாபர்கான்பேட்டையில் அம்மா வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டியை ஏற்றி வைத்துவிட்டுப் போனேன். 2015 டிசம்பரில் அடையாறு அந்த வீட்டுக்குள் இடுப்பளவு வந்து நின்றது. கீழ் அலமாரியில் இருந்த விதிப் புத்தகங்கள் இரண்டும் கூழாகிப் போயின. பரணில் இருந்ததால் வீரர்கள் பிழைத்தார்கள். தூத்துக்குடிக்குப் பின் சேலம், பிறகு கும்பகோணம் என்று சுற்றிவிட்டு, 2022-ல் சென்னைக்கே மாற்றலாகி வந்த பிறகுதான் அந்தப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன்.

உள்ளே 43 உருவங்கள். லண்டனில் வேலை பார்த்த அத்தை மகன் 2004-ல் கொண்டுவந்து கொடுத்த வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் தொடக்கப் பெட்டியில் இருந்தவை பாதி, நானே பிறகு சேர்த்தவை மீதி. கட்டைவிரலில் பாதி உயரம் இருக்கும். பதினொருவர் முழுமையாக வண்ணம் தீட்டி முடித்தவர்கள். ஏழு பேருக்குக் கவசம் உண்டு, முகம் இல்லை. மற்றவர்கள் கருப்பு பிரைமரோடு, அதாவது வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சோடு, நின்றுவிட்டவர்கள். கூடவே 31 வண்ணக் குப்பிகள், நுனி விரிந்த மூன்று பிரஷ்கள், கல்லாகிவிட்ட ஒரு பசைக் குழாய். இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டிலும் எங்காவது இருக்கிறது என்றால் இந்தக் குறிப்புகள் உங்களுக்குத்தான்.

முதல் முறை நான் திரும்பிவந்த விதம் தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1746-ல் பிரெஞ்சுக்காரர்களின் ஒரு சிறு படை ஆற்காட்டு நவாபின் பெரும்படையை அடையாற்றங்கரையில் தோற்கடித்தது. அந்த ஆற்றின் கரையில் வளர்ந்தவள் என்பதால் அந்தப் போரை மேசையில் நிறுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெட்டியைத் திறந்த வாரமே அதற்காக 28 மில்லிமீட்டர் உருவங்கள் அறுபது வரவழைத்தேன். 2010-ல் கடைசியாக நான் தீட்டிய படைத்தலைவனை எதிரே வைத்துக்கொண்டேன். அவன் போர்வையில் சிவப்பு ஐந்து படிகளாக, கருஞ்சிவப்பில் தொடங்கி மடிப்பின் விளிம்பில் ஏறக்குறைய ஆரஞ்சாக ஏறும். அந்தத் தரத்தில்தான் இனி எல்லாம் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் மூன்று முகங்கள். மூன்றும் சேறு பூசியதுபோல இருந்தன. பெட்டியை மூடி வைத்தேன். நான்கு மாதம் திறக்கவில்லை.

அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், அவனும் இந்த விளையாட்டுதான் ஆடுகிறான். அவன்தான் ஒருநாள், சித்தி, அந்தப் படைத்தலைவனைத் தீட்டுவதற்கு முன் எத்தனை பேரைத் தீட்டியிருந்தீர்கள் என்று கேட்டான். எண்ணிப் பார்த்தால் ஆறு ஆண்டுகளில் நூறுக்கு மேல். பலரை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த நூறு பேரின் பழக்கம் கையில் இருந்தபோது தீட்டியதோடு, பன்னிரண்டு ஆண்டு பிரஷ்ஷைத் தொடாத கையை ஒப்பிட்டிருக்கிறேன்.

ஆகவே என் முதல் ஆலோசனை: விட்ட இடத்தில் தொடராதீர்கள். அதற்கு இரண்டு படி கீழே தொடங்குங்கள். உங்களுடைய மிகச் சிறந்த பழைய உருவத்தை எடுத்துத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். ஒரே அணியைச் சேர்ந்த, பாதியில் நிற்கும், உங்களுக்குப் பெரிய ஆசை இல்லாத ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஐவரை முடிக்கும்வரை புதிதாக ஒரு வீரனையும் வாங்காதீர்கள். நிழல் எங்கே விழும், எந்த நிறத்தோடு எது சேரும் என்பதெல்லாம் மறந்திருக்காது. மறப்பது ஒன்றுதான்: பிரஷ் நுனியில் எவ்வளவு வண்ணம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அழுத்தம் என்பது. அது விரலின் நினைவு. படித்தோ காணொளி பார்த்தோ அதை மீட்க முடியாது. உருவத்தின் மேல் வண்ணம் வைக்க வைக்கத்தான் அது வரும்.

கண்ணும் வெளிச்சமும்

நிறுத்தும்போது உங்களுக்கு முப்பது வயது என்றால், இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பீர்கள். என் மூன்று முகங்கள் சேறாகிப் போனதற்குப் பாதிக் காரணம் வெள்ளெழுத்து. செய்தித்தாள் படிக்க இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை என்பதால் அதை நான் உணரவே இல்லை. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படித்துவிடலாம். வீரனின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பிடித்தாக வேண்டும். கண் மருத்துவரிடம் போகும்போது கையில் ஓர் உருவத்தை எடுத்துப் போய், நீங்கள் பிடிக்கும் தூரத்தில் பிடித்துக் காட்டுங்கள். அந்தத் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடியை எழுதித் தருவார்.

தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் உதவும். அதில் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு லென்ஸோடு நின்றுகொள்ளுங்கள். மூன்றரை மடங்கு லென்ஸைப் போட்டால் உருவத்தை மூக்கருகே கொண்டுவர வேண்டியிருக்கும், பிரஷ் நுழைய இடம் இருக்காது. அதோடு, அவ்வளவு பெரிதாகப் பார்க்கும்போது யாருக்கும் தெரியாத பிழைகள் எல்லாம் மலைபோலத் தெரிந்து மனம் சோர்ந்துவிடும்.

விளக்கு இரண்டு வேண்டும், இடம் ஒன்று வலம் ஒன்று. ஒரே விளக்கு என்றால் உங்கள் கையின் நிழலே உருவத்தின்மேல் விழும். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எல்இடி வாங்கும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள்: 5000 முதல் 6500 கெல்வின்வரை உள்ள வெள்ளை ஒளி, நிறத்தை உள்ளபடி காட்டும் சிஆர்ஐ எண் 90 அல்லது அதற்கு மேல். மஞ்சள் விளக்கின் கீழ் தீட்டிய நீலத்தைக் காலை வெயிலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

பழைய குப்பிகள்

ஒவ்வொன்றையும் திறந்து ஒரு பல்குத்தும் குச்சியால் கிளறுங்கள். நுங்குபோலத் தளதளவென்று இருந்தால் காப்பாற்றலாம். ஐந்தாறு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கண்ணாடி மணியைப் போட்டு, இரவு முழுவதும் தலைகீழாக வைத்து, காலையில் நன்றாகக் குலுக்குங்கள். ரப்பர்போல இழுபட்டால் தயங்காமல் குப்பையில் போடுங்கள். இந்த அக்ரிலிக் வண்ணம் ஒருமுறை இறுகிவிட்டால் தண்ணீரில் திரும்பக் கரையாது. புளித்த நாற்றம் அடித்தாலும் வேண்டாம். என் 31-ல் ஒன்பது பிழைத்தன. குலுக்குவதற்குச் சைக்கிள் கடை எஃகுக் குண்டைப் போடாதீர்கள். அது துருப்பிடிக்கும். நான் வெள்ளைக் குப்பியில் போட்டு, இரண்டு மாதத்தில் அது பழுப்பாகிவிட்டது. மணிமாலைக் கடையில் கிடைக்கும் கண்ணாடி மணிதான் சரி.

கடையில் பழைய பெயர்களைத் தேடினால் கிடைக்காது. வார்ஹாமர் வீரர்களுக்கான சிட்டாடல் வண்ணங்களின் வரிசை 2012-ல் மொத்தமாக மாற்றப்பட்டது. நாம் உயிராக நேசித்த டெவ்லன் மட் வாஷ்ஷின் (பள்ளங்களில் நின்று நிழல் தரும் நீர்த்த வண்ணம்) இடத்தில் இப்போது அக்ராக்ஸ் எர்த்ஷேட், பாடாப் பிளாக்கின் இடத்தில் நுல்ன் ஆயில், போல்ட்கன் மெட்டலுக்குப் பதில் லெட்பெல்ச்சர், பிளீச்ட் போனுக்குப் பதில் உஷாப்தி போன். நிறம் அச்சு அசலாக அதே இல்லை, நெருக்கமானது. ஆகவே பாதி முடிந்த வீரனின் கவசத்தைப் புதுக் குப்பியால் ஒட்டுப்போடாதீர்கள். அந்தப் பாகம் முழுவதையும் ஒருமுறை பூசிவிடுங்கள்.

ஐந்து பேருக்கு ஆறு வண்ணம் போதும்: கவசத்துக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, இரும்பு நிறம், அடர்பழுப்பு, எலும்பு நிறம், பழுப்பு வாஷ் ஒன்று. ஸ்பெயின் நாட்டு வயெஹோ குப்பிகள் சொட்டு மூக்குடன் வருவதால் நம் ஊர் வெக்கையில் எளிதில் காய்வதில்லை. திரும்பி வருகிறவருக்கு அது பெரிய வசதி. வெள்ளையையும் மஞ்சளையும் தள்ளிப்போடுங்கள். அவை இரண்டும் பழகிய கையையே சோதிப்பவை.

சென்னையின் காற்று, சென்னையின் தண்ணீர்

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளில் உட்கார்ந்து சொன்னவை. அவற்றை அப்படியே பின்பற்றி நான் வீணாக்கிய உருவங்கள் உண்டு. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் எதிரி தலைக்குமேல் சுழலும் மின்விசிறி. தட்டில் வைத்த வண்ணம் மூன்று நிமிடத்தில் தோல் கட்டும். பிரஷ் நுனியில் இருப்பது அதைவிட வேகமாகக் காயும். காய்ந்த நுனியால் இழுத்தால் கோடு உடைந்து துகள்துகளாக வரும். நம் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்வோம். கை நடுங்கவில்லை, வண்ணம் காய்ந்திருக்கிறது. கூரை விசிறியை அணைத்துவிட்டு ஒரு சிறிய மேசை விசிறியைத் தரையில் வைத்து, முதுகுப் பக்கம் காற்று வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். பத்துத் தொடுகைக்கு ஒருமுறை பிரஷ்ஷைக் கழுவுங்கள். கழுவியதும் ஒரு துணியில் ஒற்றி, பிறகுதான் வண்ணத்தில் தொடுங்கள். வேனிலில் வண்ணத்தோடு உலர்வைத் தாமதிக்கும் திரவம் ஒரு சொட்டு சேர்த்தால் போதும். இரண்டு சொட்டு சேர்த்தால் மறுநாளும் பிசுபிசுக்கும்.

இரண்டாவது, ஈரத் தட்டு. இனிப்புக் கடையில் கொடுக்கும் மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நான்கு மடிப்பு டிஷ்யூத் தாள். அது முழுவதும் நனையும் அளவு தண்ணீர், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. அதன்மேல் தாள். இந்தத் தாளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாரிமுனையில் எழுதுபொருள் கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் படி எடுக்கும் தாளைக் கொடுப்பார்கள். அது நனைந்ததும் சுருண்டு எழும்பிவிடும். நமக்கு வேண்டியது கேக் வேகவைக்கும்போது பாத்திரத்தில் விரிக்கும் பேக்கிங் தாள். அது தண்ணீரை மெல்ல மெல்ல மேலே விடும், வண்ணம் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும். இரும்பு, பொன் வண்ணங்களை மட்டும் இதில் வைக்காதீர்கள். அவற்றின் மினுக்குத் துகள் எல்லா நிறத்திலும் கலந்துவிடும். அவற்றுக்கு ஒரு பழைய பீங்கான் தட்டு.

நம் ஊரில் ஈரத் தட்டு மூன்றாம் நாளே நாறும், நான்காம் நாள் பூஞ்சை பிடிக்கும். நான் பாட்டியின் டப்பாவில் இருந்த செம்புக் காலணா ஒன்றை டிஷ்யூவின் அடியில் போட்டு வைக்கிறேன். செம்பு பூஞ்சையை அடக்கும். வேலை முடிந்ததும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

தண்ணீர் என்றதும், ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். எங்கள் தெருவில் அந்த நீரில் கழுவிய எஃகுப் பாத்திரம் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். வாஷ்ஷை அதே நீரில் கரைத்தால் கவசத்தின் இடுக்குகளிலும் அதே திட்டு நிற்கும். குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் போதும்.

மூன்றாவது, ஸ்பிரே பிரைமர். ஈரக் காற்றில் அடித்தால் மேற்பரப்பு வெளிறிப் போகும், சொரசொரக்கும். விடியற்காலை இதமாக இருக்கிறதே என்று மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நேரம் அது. வெயில் ஏறி ஈரம் இறங்கிய பிறகு, கடற்காற்று உள்ளே வருவதற்கு முன், காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் அடியுங்கள். கத்திரி வெயில் நாட்களில் அதுவும் வேண்டாம். துளி உருவத்தில் படுவதற்கு முன் காற்றிலேயே காய்ந்து மணல்போல ஒட்டும், குப்பியும் சூடேறும். குப்பியை இரண்டு நிமிடம் குலுக்கி, இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி சிறு வீச்சாக அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஸ்பிரேயை மறந்துவிட்டு, பிரஷ்ஷால் பூசும் பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசி ஓர் இரவு காயவிடுங்கள். நான் இப்போது ஆண்டு முழுவதும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய வண்ணத்தை உரிக்கலாமா

முதல் ஐவருக்கு வேண்டாம். தடித்த பூச்சால் கவசத்தின் கோடுகள் மூழ்கியிருந்தால் மட்டும் உரியுங்கள். மின்னணுப் பலகை துடைக்க விற்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ரிச்சி தெருவில் கிடைக்கும். கண்ணாடிப் புட்டியில் ஊற்றி உருவத்தை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் செய்த உருவம் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அது இளகக்கூடும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும், கிட்டே கொண்டுவராதீர்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிப்பது. அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத அறையில், சன்னலைத் திறந்துவைத்து, கையுறையோடு செய்யுங்கள்.

வீட்டில் இருக்கும் பைன் எண்ணெய் கலந்த பழுப்புக் கிருமிநாசினியும் வேலை செய்யும். ஆனால் அதில் ஊறியதைத் தண்ணீரில் காட்டிவிட்டால் கழன்ற வண்ணமெல்லாம் தார்போல ஒட்டிக்கொள்ளும். நான்கு வீரர்கள் எனக்கு அப்படிக் கெட்டார்கள். அந்தத் திரவத்திலேயே தேய்த்து, புதிய திரவத்தில் ஒருமுறை அலசி, கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும். 1990-களிலும் அதற்கு முன்பும் வந்த உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கலாம். அவற்றைத் தொட்டால் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

கையை எழுப்புதல்

இது நானே கண்டுபிடித்த பயிற்சி. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் பிரைமர் பூசிக் காயவையுங்கள். ஒன்றாம் எண் பிரஷ்ஷால் அதில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக் கோலம் போடுங்கள். கோலம் போட்டவர்களுக்குத் தெரியும், கோட்டை நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் தடித்துவிடும். பிரஷ்ஷும் அப்படியே. அரிசி மாவு கரைத்து இழைக்கோலம் இழுக்கும்போது துணியை எவ்வளவு பிழிந்தால் எவ்வளவு இழை வரும் என்று விரல் அறிவதுபோல, நுனியை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கோடு வரும் என்பது மூன்றாவது கரண்டிக்குள் திரும்ப வந்துவிடும். எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தினம் பத்து நிமிடம்தான்.

மிகச் சிறிய பிரஷ் நுண்ணிய வேலைக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். மூன்று சுழியம் போட்ட பிரஷ்ஷில் வண்ணம் நிற்காது, முகத்துக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். ஒன்றாம் எண்ணில் வயிறு பெரிது, நுனி கூர்மை. கோலின்ஸ்கி என்ற சிறு விலங்கின் மயிரால் ஆன பிரஷ் சிறந்தது, விலையும் அதிகம். கை திரும்பும்வரை செயற்கை இழை பிரஷ் போதும். அதன் நுனி கொக்கிபோல வளைந்தால் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் நிமிரும். எதுவானாலும் உலோகக் கழுத்துவரை வண்ணத்தில் தோய்க்காதீர்கள்.

வீரனைக் கையால் பிடிக்காமல் கனமான ஒரு சிறு கண்ணாடிப் புட்டியின் மூடியில் இரட்டைப் பக்க ஒட்டுத்தாளால் நிறுத்துங்கள். எனக்குப் பழைய தைலப் புட்டி. இரண்டு முழங்கையும் மேசையில், இரண்டு மணிக்கட்டும் ஒன்றையொன்று தொட்டபடி. மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே கோட்டை இழுங்கள்.

முதல் ஐவர்

ஐவரையும் வரிசையாக நிறுத்தி, ஒரே நிறத்தை ஐவருக்கும் பூசிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். கவசத்துக்கான வண்ணம் பாக்கெட் பால் பதத்தில் இருக்க வேண்டும். தோசை மாவுப் பதத்தில் பூசினால் பிரஷ் தடம் நிற்கும், இடுக்குகள் அடைபடும். முதல் பூச்சில் அடியில் உள்ளது தெரியத்தான் செய்யும், பதறாதீர்கள். காய்ந்த பிறகு இரண்டாவது. மறுநாள் வாஷ். அது நீர்மோர்போல ஓடிப் பள்ளங்களில் நிற்கும். தோள்பட்டைபோன்ற சமதளத்தில் தேங்கினால் உடனே ஈரப் பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். விட்டால் விளிம்பில் காப்பிக் கறைபோல வளையம் விழும். விசிறிக்குக் கீழே இது இன்னும் விரைவாக விழும். மூன்றாம் நாள், வாஷ் படாத மேடுகளில் மட்டும் முதல் நிறத்தை மீண்டும் தொட்டு, மேல்நோக்கிய விளிம்புகளில் சற்று வெளிறிய கோடு ஒன்று. அவ்வளவே. இதற்குமேல் எதுவும் அந்த ஐவருக்கு வேண்டாம்.

முகத்துக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். நம் சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசியில் செய்கிறார்கள். இந்தச் சிறு முகத்தில் நான் அதைத் தலைகீழாக, முதலில் செய்கிறேன். கண்குழி முழுவதும் அடர்பழுப்பு. அதற்குள், மேலும் கீழும் பழுப்பு இழை மிஞ்சும்படி எலும்பு நிறத்தில் ஒரு சிறு கிடைக்கோடு. தூய வெள்ளை வைத்தால் வீரன் பேயறைந்தவன்போலத் தெரிவான். பிறகு நடுவில் அடர்பழுப்பால் மேலிருந்து கீழாக ஒரு கோடு. புள்ளி வைக்கப் பார்த்தால் கண் முழித்துக்கொண்டு நிற்கும், கோடு இழுத்தால் இமைக்குக் கீழ் அமைந்துவிடும். எவ்வளவு வழிந்தாலும் கவலை இல்லை, இன்னும் தோல் பூசவில்லை. தோல் நிறத்தால் கன்னத்தையும் புருவ மேட்டையும் சுற்றி வெட்டிக்கொண்டு வரும்போது, வழிந்ததெல்லாம் மறைந்து கண் தானாகக் குறுகி அமையும். என் ஐவரில் மூன்றாமவனுக்கு இப்படிச் செய்தபோது அவன் இடப்பக்கம் எதையோ கவனிப்பவன்போலத் திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தக் கண் என்னைத் தாண்டி எங்கோ பார்த்த கணத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

2019-ல் வந்த காண்ட்ராஸ்ட் வண்ணங்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெளிர் பிரைமர்மேல் ஒரே பூச்சில் நிழலும் நிறமும் சேர்ந்து வரும். மயிர், தோல், துணி மடிப்பு ஆகியவற்றில் மிக அழகாக அமையும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் முதல் ஐவருக்கு வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அது வேலையை முடித்துக்கொடுக்கும், கைக்குப் பழக்கம் தராது. ஆறாமவனிலிருந்து தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

தினம் முப்பது நிமிடம், ஒரே நேரத்தில். நான் இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒன்பதரைக்கு உட்காருகிறேன். மேசையில் தட்டு, விளக்கு, புட்டி எல்லாம் எடுத்து வைத்தபடியே இருக்க வேண்டும். எடுத்து அடுக்குவதற்கே பத்து நிமிடம் போனால் களைத்துப்போன நாளில் உட்கார மனம் வராது. என் ஐவருக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

முடிந்த பிறகு

பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே நம் ஈரத்தில் வெண்புகை படிந்ததுபோல ஆக்கிவிடும். ஐந்து வார உழைப்பை அதற்குக் கொடுக்காதீர்கள். பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ் மெல்லிய இரண்டு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். பழைய உருவங்கள் 25 மில்லிமீட்டர் அடித்தட்டில் நிற்கும், இப்போதைய வீரர்களுக்குப் பெரும்பாலும் 32. ஒரே அணியில் புதியவர்களையும் சேர்க்க எண்ணினால் வார்னிஷ்ஷுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

பரணில் திரும்ப ஏற்றாதீர்கள். மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் வேனிலில் அடுப்பாகக் காயும். கண்ணாடி அலமாரியில், வெயில் நேரே படாத தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வையுங்கள். துணி பீரோவில் வைக்கவே கூடாது. அங்கே அந்துருண்டை இருக்கும், அதன் ஆவி இந்த உருவங்களின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

படைத்தலைவனை இப்போது துணியிலிருந்து எடுத்து அந்த ஐவருக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். அடையாற்றுப் போருக்கு வாங்கிய அறுபதில் முதல் ஐந்து பேருக்கு நேற்று பிரைமர் பூசினேன். காலையில் தொட்டுப் பார்த்தேன், இன்னும் லேசாகப் பிசுபிசுக்கிறது. மழைக்காலம். நாளை இரவுவரை விட வேண்டும்.